ஒரே வழியில் மூவர்



இங்கிலாந்தின் தென்பாகத்திலே வின்செஸ்ரர் என்னும் பழைய நகரிலிருந்து ஈஸ்ற்போண் என்னும் கடற்கரைப் பட்டினம் வரையில், சுண்ணாம்புக் குன்றுகளின் முதுகின்மீது ஒரு நெடும்பாதை செல்கின்றது. 'சவுத் டவுன்ஸ் வே' என்பது அதன் பெயர். ஏறத்தாழ 100 மைல் நீளமுடைய இப்பாதை 1972ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஒரு புறம் புல் மேயும் ஆடுகள், மறு புறம் தொலைவிலே கடல். அதன் பெரும்பகுதியில் கால்நடையாகச் செல்வோரும், குதிரைமீது செல்வோரும், சைக்கிளில் செல்வோரும் ஒருங்கே உரிமை பெற்றிருக்கின்றனர். உரிமை மூவர்க்கும் உண்டு. வழி மட்டும் ஒன்றே. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

அத்தகைய பாதையொன்றிலே ஒரு காலைப்பொழுதைக் கற்பனை செய்து பாருங்கள். குதிரையில் ஒரு பெண்மணி மெல்ல வந்துகொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னே மேட்டிலிருந்து ஓர் இளைஞன் சைக்கிளில் இறங்கி வருகிறான். எதிரே முதியவர் ஒருவர் தம் நாயோடு நடந்து வருகிறார். இளைஞன் மிதியை நிறுத்தி, ஓசையின்றி, பாதையின் ஓரமாகக் குதிரையைக் கடந்து செல்கிறான். தொந்தரவு கொடாமற் சென்றுவிட்டோம் என்றே அவன் எண்ணுகிறான். ஆனால் அந்தக் கணத்திலே குதிரை ஒரு பாய்ச்சலாகப் பக்கவாட்டில் துள்ளுகிறது. பெண்மணியின் ஒரு கால் அங்கவடியிலிருந்து நழுவுகிறது. முதியவர் வேலியோரம் ஒதுங்குகிறார். நாய் குரைக்கத் தொடங்குகிறது. இவையெல்லாம் மூன்று நான்கு விநாடிகளுக்குள் முடிந்துவிடும். இளைஞனோ அடுத்த வளைவைத் தாண்டிவிட்டான். அவனைப் பொறுத்தவரையில் அங்கே யாதொன்றும் நிகழவில்லை.

இந்தப் பூசலின் வேர் இங்கேதான் இருக்கிறதென்பது என் கருத்து. 1980ஆம் ஆண்டில் ஜேக்கப், ஷ்றையர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், வெளியிடங்களிற் பொழுதுபோக்கச் செல்வோரிடையே எழும் பிணக்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒருவன் நாடிவந்த நோக்கத்தை மற்றொருவனது நடத்தை கெடுக்கும்போதே பிணக்குப் பிறக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிபு. நடந்து செல்பவர் அமைதியை நாடி வருகிறார். குதிரையில் வருபவர் தம் விலங்கின் துணையையும் அதன் மனச்சாந்தியையும் நாடுகிறார். சைக்கிளோட்டியோ வேகத்தையும் மேடுபள்ளங்களை வெல்லும் உவகையையும் நாடுகிறான். அவர்களுக்குப் பின்வந்த ஆராய்ச்சியாளர் வேறொன்றையும் கண்டனர். இப்பிணக்குப் பெரும்பாலும் ஒருதலையானது. மெல்லச் செல்பவருக்கு விரைந்து செல்பவரால் இடையூறு உண்டு. விரைந்து செல்பவருக்கு மெல்லச் செல்பவரால் அத்துணை இடையூறில்லை. ஆகவே ஒருவர் குறைகூறும்போது மற்றவர், "நான் என்ன செய்தேன்?" என்று உண்மையாகவே வியக்கிறார். அவ்வியப்பு நடிப்பன்று.

சட்டம் இதற்கு என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயல்களுக்கும் காடுகளுக்கும் ஊடாகச் செல்லும் பொதுவழிகள் பலவகைப்படும். நடப்போர்க்கு மட்டும் உரியது நடைபாதை. நடப்போர்க்கும் குதிரையிற் செல்வோர்க்கும் உரியதை 'பிறைடில்வே' என்பர். கடிவாளம் பிடித்துச் செல்லும் வழி என்பது அதன் பொருள். இவையன்றி வண்டிகளும் செல்லத்தக்க வேறு சில வழிகளும் உள. 1949ஆம் ஆண்டுச் சட்டமொன்று இவ்வழிகளையெல்லாம் வரைபடத்திற் குறித்துவைக்கும் கடமையை உள்ளூராட்சிச் சபைகளின்மேற் சுமத்தியது. ஒரு வழி எந்த வகையாகக் குறிக்கப்பட்டதோ, அதற்கேற்பவே அதிற் செல்வோரின் உரிமையும் அமைகிறது. இவ்வாறு குறிக்கப்பட்டவற்றில் மிகப்பெரும்பாலானவை நடைபாதைகளே. குதிரை செல்லத்தக்கவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான்.

அந்த ஐந்தில் ஒரு பங்கிலேதான் 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் சைக்கிளோட்டிகளையும் அனுமதித்தது. அனுமதித்தபோது ஒரு நிபந்தனையும் விதித்தது: நடப்போர்க்கும் குதிரையிற் செல்வோர்க்கும் சைக்கிளோட்டி வழிவிடவேண்டும். அக்காலத்திலே கிராமத்துப் பாதையிற் சைக்கிள் என்றால், நிமிர்ந்த ஆசனமும் மெல்லிய சில்லுகளும் உடைய சாதுவான ஊர்தி. கற்களிலும் சேற்றிலும் அது தானே மெதுவாகிவிடும். மலைச் சைக்கிள் என்று இன்று வழங்கும் தடித்த சில்லுடைய ஊர்தி அப்பொழுது பிறக்கவேயில்லை. அது 1970களிலே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரீன் மாவட்டத்துக் குன்றுகளிலே சில இளைஞர் பழைய சைக்கிள்களைத் திருத்திச் சரிவுகளில் ஓட்டியதிலிருந்து வளர்ந்தது. பிணக்கும் அங்கேயே தொடங்கிவிட்டது. அந்நாட்டின் பல பாதைகளில் முக்கோண வடிவான அறிவித்தற் பலகையொன்றைக் காணலாம். சைக்கிள் மற்ற இருவர்க்கும் வழிவிடுக. நடப்பவர் குதிரைக்கு வழிவிடுக என்பது அதன் கருத்து. குதிரைக்கு ஏன் இத்துணை முதன்மை? அதன்மேல் இருப்பவர் பெருமகன் என்பதனாலன்று. குதிரையின் இயல்பே அதற்குக் காரணம்.

குதிரை ஊனுண்ணும் விலங்குகளுக்கு இரையாகிப் பழகிய பிராணி. அதற்குக் கொம்பில்லை, கூரிய நகமுமில்லை. ஓடுவது ஒன்றே அதன் காவல். தரைவாழ் விலங்குகளுள் மிகப் பெரிய கண்களை உடையவற்றுள் அதுவும் ஒன்று. அக்கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருத்தலால், ஏறக்குறைய 350 பாகை அளவுக்குச் சுற்றுப்புறத்தை அது காணும். காணாத இடம் இரண்டே: நெற்றிக்கு நேர் முன்னே ஒரு சிறு பகுதி, வாலுக்கு நேர் பின்னே ஒரு பகுதி. செவிகளை ஒன்றையொன்று சாராமல் வெவ்வேறு திசைக்குத் திருப்பவல்லது. ஒரு செவி பின்னோக்கித் திரும்பியிருந்தால், பின்னாலிருந்து வருவது இன்னதென்று அது ஆராய்கிறது என்று அறியலாம். ஆராய்ந்து தெளிய அதற்குச் சிறிது அவகாசம் வேண்டும். அவகாசம் கிடைக்காவிட்டால் முதலில் ஓடும், பின்னர்தான் திரும்பிப் பார்க்கும்.

இனி அந்த இளைஞன் வந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். உடலை வளைத்துத் தாழ்ந்து, ஓசையில்லாமல், விரைவாக, பின்னாலிருந்து வந்தான். ஓநாயும் சிங்கமும் வருகிற விதம் இதுவே. தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, கால் நிலத்திற் படாமல் வழுக்கிவரும் அவ்வுருவம் மனிதன்தான் என்று குதிரை எவ்வாறு அறியும்? அவன் பண்பாடென்று கருதிய மௌனமே தீங்காய் முடிந்தது.

பயிற்சி இதனை முற்றும் நீக்கிவிடும் என்று எண்ணற்க. 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆந் திகதி இலண்டன் நகரிலே, அரச குதிரைப்படையைச் சேர்ந்த குதிரைகள் காலைப் பயிற்சிக்காகச் சென்றுகொண்டிருந்தன. ஆரவாரத்துக்கும் கூட்டத்துக்கும் வாத்திய முழக்கத்துக்கும் பழக்கப்பட்ட குதிரைகள் அவை. அருகே ஒரு கட்டட வேலைத்தலத்தில் மேலிருந்து பொருள்கள் தடாலென விழுந்தன. அவ்வளவே. குதிரைகள் வெருண்டோடின, படைவீரர் சிலர் கீழே வீழ்ந்து காயமுற்றனர், ஓடிய குதிரைகள் வாடகைக் காரிலும் இரட்டைத்தட்டுப் பஸ்ஸிலும் மோதி, மைல்கணக்கில் நகர வீதிகளிற் பாய்ந்தன. படைக் குதிரைக்கே இது நேருமாயின், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சவாரி செய்யப்படும் கிராமத்துக் குதிரையைப்பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

இதற்கு மாற்று யாது? குதிரை பழகியோர் யாவரும் ஒருமுகமாய்ச் சொல்வது ஒன்றே: பேசுங்கள். பின்னாலிருந்து வருபவர் தூரத்திலேயே வேகத்தைத் தணித்து, "வணக்கம், கடந்து செல்லலாமா?" என்று உரக்கக் கேட்கவேண்டும். என்ன சொல்லுகிறோம் என்பது பெரிதன்று. மனிதக் குரல் கேட்கவேண்டும் என்பதே பெரிது. அக்குரலைக் கேட்டதும் இதுகாறும் இன்னதென்று விளங்காதிருந்த உருவம் குதிரைக்கு மனிதனாக மாறிவிடுகிறது. மணியடிப்பது நன்றே; ஆயினும் மணியோசைக்குப் பழகாத குதிரை அதற்கும் மிரளக்கூடும். குரலுக்கு மிரள்வது அரிது. சவாரி செய்பவர் திரும்பி விடைசொன்ன பின், அகன்று மெதுவாகக் கடக்கவேண்டும். குதிரைக்கு இடப்புறமாகக் கடக்கலாகாது என்பது பிரித்தானிய வீதி ஒழுங்குக் கோவை சைக்கிளோட்டிகளுக்குக் கூறும் விதி. இரண்டு குதிரைகள் சேர்ந்து சென்றால் அவற்றைப் பிரித்து நடுவே புகுதல் கூடாது. கூட்டமாய் வாழும் விலங்காதலின், துணையைப் பிரிந்த குதிரை பெரிதும் கலங்கும்.

நடப்பவர்க்கும் இதிலே சில கடமைகள் உண்டு. நாயை அழைத்துக் கயிற்றைக் குறுக்கிப் பிடித்தல், குடையைச் சட்டென விரியாதிருத்தல், சிறுவரை ஓடவிடாதிருத்தல் ஆகியவை அவை. மரியாதை கருதிப் புதருக்குள் மறைந்து நிற்போரும் உளர். அது நல்லெண்ணத்தாற் செய்யும் பெருந்தவறு. புதருள் மறைந்திருப்பதைக் குதிரை பதுங்கியிருக்கும் விலங்கெனவே கொள்ளும். கண்ணிற் படும்படி நின்று ஒரு வார்த்தை பேசினாற் போதும்.

குதிரையேறுவோர் பக்கத்தைப் பேசாமல் விடுவது நீதியன்று. ஏறத்தாழ 500 கிலோகிராம் நிறையுள்ள ஒரு பிராணி குறுகிய பாதையில் எதிரே பாய்ந்து வரும்போது, நடந்து செல்லும் மூதாட்டி ஒருத்திக்கு எத்தகைய திகில் உண்டாகும்! அவர் காது கேளாதவராக இருக்கலாம்; கண் மங்கியவராகவும் இருக்கலாம். ஆகவே நடப்பவரை அணுகும்போது குதிரையை நடைக்குக் குறைத்தலும், இருவர் சேர்ந்து சென்றால் ஒருவர்பின் ஒருவராதலும், வழிவிட்டவர்க்கு நன்றி சொல்லுதலும் சவாரி செய்வோரின் நீங்காக் கடமைகள். உயரத்தில் இருப்பவர் நன்றி சொல்லாமற் போவது கீழே நிற்பவரின் மனத்தில் தைக்கும். அடுத்த முறை அவர் வழிவிடமாட்டார். இங்கிலாந்தின் சட்டமும் குதிரை உடையோர்மேற் கடுமையானதே. இரவிலே எதற்கோ வெருண்டு வேலியை உடைத்து நெடுஞ்சாலைக்கு ஓடிய குதிரையால் ஒருவர் காயமுற்ற வழக்கில், 2003ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. வேலியிலே குறைவில்லையாயினும், உடையவர் கவனக்குறைவு செய்யவில்லையாயினும், நட்டத்துக்கு அவரே பொறுப்பு என்பது அத்தீர்ப்பு. வெருளும் இயல்பு குதிரையோடு பிறந்தது. அவ்வியல்பை அறிந்து அதனை வைத்திருப்பவர் அதன் விளைவையும் ஏற்கவேண்டும் என்பது அதன் சாரம்.

பழங்காலத்தில் இப்பூசல் இருந்ததில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது, ஆனால் மணி அன்று குதிரையின் கழுத்தில் இருந்தது. வட இங்கிலாந்தின் பென்னைன் மலைகளிலே உப்பும் கம்பளியும் சுமந்த பொதிக்குதிரைகள் வரிசையாகச் சென்ற காலத்தில், முதற் குதிரைக்கு மணிகள் கட்டியிருப்பார்கள். ஒருவரே செல்லத்தக்க ஒடுங்கிய வழியில் எதிரே வருபவர், மணியோசை கேட்டு அகன்ற இடத்தில் ஒதுங்கி நிற்பார். அக்காலத்துக் கற்பாலங்கள் சில இன்றும் உள. இருபுறச் சுவர்களும் முழங்கால் அளவே. உயர்ந்திருந்தால் பொதிகள் இடிக்குமன்றோ? பின்னர் சைக்கிள் பிறந்தது. 1888ஆம் ஆண்டின் சட்டமொன்று அதனை வண்டியென்றே வகுத்து, குதிரையையோ நடப்பவரையோ கடக்குமுன் மணியாலோ வேறு வகையாலோ எச்சரிக்கை செய்யவேண்டும் என்று விதித்தது. இவ்வாறு மணி குதிரையை விட்டுச் சைக்கிளுக்கு ஏறியது. அந்த விதி 1930இல் நீக்கப்பட்டுவிட்டது.

நகரங்களிலே வேறொரு முறையைக் கையாண்டனர். அது பிரித்துவைக்கும் முறை. மூன்றாம் வில்லியம் மன்னர் கென்சிங்ரன் அரண்மனைக்குக் குடிபெயர்ந்த பின், 1690ஆம் ஆண்டளவில் ஹைட் பார்க் வழியாக ஒரு தனிப்பாதை அமைத்து, கள்வரை அஞ்சி 300 எண்ணெய் விளக்குகளை ஏற்றுவித்தார். பின்னாளில் அது சவாரிக்கென்றே விடப்பட்ட மணற்பாதையாகி, 'றொட்டன் றோ' என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது. நம் கொழும்பு நகரத்துக் காலிமுகத் திடலையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அங்கே குதிரைப் பந்தயங்கள் நடந்தன. 1893இல்தான் பந்தயம் கறுவாத்தோட்டப் பக்கத்துக்கு மாற்றப்பட்டது. அத்திடலின் கடலோரத்திலேயே தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் நடைவழியொன்றை அமைப்பித்து, 1859இல் நிறைவேற்றினார். மாதரும் சிறுவரும் உலாவுவதற்கென்று அதனைத் தமக்குப் பின்வருவோரின் கவனத்துக்கு அவர் ஒப்புவித்த செய்தி, அங்குள்ள கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஓடுவதற்கு ஓரிடம், உலாவுவதற்கு ஓரிடம்!

நிலம் விரிந்துகிடக்கும் இடத்தில் அது எளிது. இரு வேலிகளுக்கிடையே செல்லும் கிராமப் பாதையில் அது முடியாது. வயலின் குறுக்கே செல்லும் பிறைடில்வேக்கு, உழுது முடிந்தபின் குறைந்தது 2 மீற்றர் அகலமேனும் விடவேண்டும் என்றுதான் 1990ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கிறது. அதனூடே குதிரையும் சைக்கிளும் ஒன்றையொன்று கடப்பதென்றால் ஒன்று நிற்கத்தான் வேண்டும்.

பாதையின் தரை பற்றியும் ஓயாத வழக்குண்டு. மழைக்காலத்தில் குதிரைக் குளம்புகள் ஈரமண்ணைக் குழிகுழியாக்கிவிடும், சாணமும் கிடக்கும். 1994இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், அமெரிக்காவின் மொன்டானா மலைப்பாதைகளிலே, குளம்பும் மனிதக் காலும் சில்லுகளைவிட அதிகமாக மண்ணைக் கிளர்த்துவதாகக் கண்டனர். எனவே சைக்கிளோட்டிகள் தாரிட்ட தரையை விரும்புகிறார்கள். தாரிட்ட தரையிலோ இலாடம் வழுக்கும். சைக்கிளின் வேகமும் கூடும். ஒருவருக்கு நன்மையாவது மற்றவருக்கு ஆபத்தாகிறது. 'சைக்கிள் தடம்' என்று சட்டப்படி அமைக்கப்படும் பாதைகளிலே குதிரைக்கு உரிமை கிடையாது. நடப்போர்க்கும் சைக்கிளுக்கும் புதிய வழிகள் திறக்கத் திறக்க, தாங்கள் மோட்டார் வீதிக்கே தள்ளப்படுகிறோம் என்று சவாரி செய்வோர் முறையிடுகின்றனர். அம்முறையீட்டில் நியாயமுண்டு என்றே நான் கருதுகிறேன். பாதையிலே சைக்கிளைக் கண்டு துள்ளும் குதிரை கீழே தள்ளும். வீதியிலே லொறியைக் கண்டு துள்ளும் குதிரையும் அதன்மேல் இருப்பவரும் பிழைப்பது அரிது.

மின்சார உதவியோடு ஓடும் சைக்கிள் இப்போது புதிதாய்ச் சேர்ந்திருக்கிறது. மிதிக்கும்போது மட்டும் உதவி, மணிக்கு 15.5 மைலுக்கு மேல் உதவியில்லை என்னும் வரம்புக்குள் அமைந்தால் பிரித்தானியச் சட்டம் அதனையும் சைக்கிளாகவே கொள்ளும். ஆகவே அதுவும் பிறைடில்வேயில் வரலாம். முன்னாளில் மேட்டிலே ஏறும் சைக்கிளைப்பற்றிக் குதிரைக்கு அச்சமில்லை. ஏறுபவன் மூச்சுவாங்கும் ஓசையே போதும். இப்போது மேட்டிலும் ஓசையின்றி வருகிறது.

2022ஆம் ஆண்டு சனவரியில் வீதி ஒழுங்குக் கோவை திருத்தப்பட்டபோது, யார் பிறருக்கு அதிக தீங்கு விளைக்க வல்லரோ அவரே அதிக பொறுப்பை ஏற்கவேண்டும் என்ற கோட்பாடு அதிலே முன்வைக்கப்பட்டது. மோட்டாரோட்டி குதிரையைக் கடக்கும்போது மணிக்கு 10 மைலுக்கு மேற்படாமலும், 2 மீற்றராவது விலகியும் செல்லவேண்டும். சைக்கிளும் குதிரையும் நடப்போரைக் காக்கவேண்டும். ஆனால் குன்றின்மேற் செல்லும் பாதையிலே பொலிசார் நிற்பதில்லை. அங்கே மூவர் சந்திக்கும் அக்கணத்தில் அவர்களே நீதவான்கள்.

வேறு சிலர் பாதையையே திருத்த முற்பட்டனர். மேரி ரவுன்லி என்ற பெருமாட்டி 1986இலே பென்னைன் மலைகளின் வழியாக நெடுந்தூரம் குதிரையிற் பயணம் செய்து, பழைய குதிரைவழிகள் எவ்வளவு சீர்கெட்டுக் கிடக்கின்றன என்பதை ஊரறியச் செய்தார். அதன் பயனாக எழுந்த பென்னைன் பிறைடில்வே, தொடக்கத்திலிருந்தே மூவர்க்கும் எனத் திட்டமிடப்பட்டது. அவர் பெயரால் அமைந்த 47 மைல் வட்டப்பாதை அவர் மறைந்த பின் 2002இல் திறக்கப்பட்டது.

இலண்டன் ஹைட் பார்க் மூலையிலே, அரச குதிரைப்படையும் உல்லாசப் பயணிகளும் நெரிசலான வீதியைக் கடக்கும் இடத்தில், 'பெகாசஸ் கடவை' என்னும் அமைப்பு உண்டு. கம்பத்திலே பொத்தான்கள் இரண்டு. ஒன்று நடப்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில். மற்றது குதிரைமேல் இருப்பவர் இறங்காமல் அழுத்தத்தக்க உயரத்தில். விளக்கிலே மனித உருவத்தோடு குதிரை உருவமும் தெரியும். அது பச்சையாகும்வரை குதிரையும் மற்றவர்களோடு அங்கே காத்துநிற்கிறது.